ஈயமும் பித்தளையும், வாணலியும் கொப்பரையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் மயாமியில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன மாதம் போனில் பேசினாள். வாரத்தில் 2 நாள் மாலை, அங்கே ஒரு நூலகத்தில் கியூபா, கொலம்பியா, வெனிசுவேலா நாட்டுக்காரர்களுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லித் தருகிறாளாம். எல்லோரும் ஸ்பானிஷ் பேசுபவர்கள். "சார், கிராமரைச் சமாளிச்சிடறேன். இடியம்தான் தகராறு. கேலி பண்றதுக்கு எதுக்கு டீச்சர் காலைப் பிடிச்சு இழுக்கணும்னு கேக்கறாங்க. நீங்க எங்களுக்கு எப்படி சார் சொல்லிக் கொடுத்தீங்க?" என்றாள்.

"மனப்பாடம் பண்ணச் சொன்னேன்" என்பதுதான் உண்மையான பதில். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 34 வருடமும் ஒரே விதிதான் சொல்லி வந்தேன். மரபுத்தொடரை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்கக் கூடாது, பெயர்த்தால் தப்பு, சிவப்பு மை. அவளிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஒரு மாதம் அவகாசம் கேட்டுவிட்டு, கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் பாதி சரித்திரம்.

முதலில் வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயன் கேலி செய்யும்போது 'புல்லிங் யுவர் லெக்' என்று காலை இழுக்கிறான். ஸ்பானிஷ்காரன் 'தோமார் எல் பேலோ' என்று முடியைப் பிடிக்கிறான். நமக்கும் கால் உண்டு, ஆனால் 'காலை வாரிவிட்டான்' என்றால் கேலி இல்லை, துரோகம். ஆக, அந்த ஆங்கிலத் தொடரில் ஸ்பானிஷ் மாணவனை விட நம் பையன்தான் அதிகம் வழுக்குவான். இறந்துபோவதை ஆங்கிலத்தில் வாளியை உதைப்பது என்பார்கள், ஸ்பானிஷில் காலை நீட்டுவது, நாம் மண்டையைப் போட்டுவிடுகிறோம். விலை அதிகம் என்றால் ஆங்கிலத்தில் ஒரு கையும் ஒரு காலும் போகும், ஸ்பானிஷில் முகத்திலிருந்து ஒரு கண் போகும், நமக்கு ஆனை விலை குதிரை விலை. பூனைக்கு ஆங்கிலத்தில் 9 உயிர், ஸ்பானிஷில் 7.

எனக்கு மிகவும் பிடித்தது செவ்வாய்க்கிழமைதான். ஆங்கிலேயர்கள் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குப் பயப்படுவார்கள். ஸ்பானிஷ்காரர்களுக்கு 13ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வந்தால்தான் பயம். செவ்வாயன்று கல்யாணமும் கூடாது, கப்பலேறவும் கூடாது என்று அவர்களுக்கு ஒரு பழமொழியே இருக்கிறது. அவர்கள் கிழமைக்கு 'மார்த்தெஸ்' என்று பெயர், அதாவது போர்க் கடவுளான மார்ஸின் நாள். நமக்கும் அதே கிரகம், அதே கிழமை, செவ்வாயோ வெறுவாயோ. எங்கள் அத்தை செவ்வாய்க்கிழமை புதுப்புடவை கட்ட மாட்டார். கியூபாவில் இருந்திருந்தாலும் கட்டியிருக்க மாட்டார்.

இங்கே ஒரு பாவமன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. கனமழையை ஆங்கிலத்தில் பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்பது ஏன் என்று உங்களில் சிலருக்கு நான் ஒரு கதை சொன்னேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கூரை வீடுகள், பூனையும் நாயும் கூரையில் படுத்திருக்கும், மழையில் வழுக்கி விழும் என்றேன். அது 1999 வாக்கில் ஈமெயிலில் உலகம் சுற்றிய புளுகு. அதை நம்பி நான் வகுப்பில் சொல்லிவிட்டேன். தயவுசெய்து உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே இதைப் போன்ற தொடர்கள் ஆங்கில எழுத்தில் உண்டு, 1738இல் ஜோனதன் ஸ்விஃப்ட் இப்போதைய வடிவிலேயே அச்சில் போட்டிருக்கிறார். ஏன் பூனை, ஏன் நாய் என்பதற்கு நம்பத்தகுந்த காரணம் கிடையாது. ஸ்பானிஷ்காரர்கள் விவரமானவர்கள். அவர்களுக்கு மழை குடம் குடமாகக் கொட்டுகிறது. 'காந்தாரோ' என்றால் தண்ணீர் எடுக்கும் மண்குடம். நம் வீட்டுப் பேச்சும் அதுதானே.

கண் போன கதையும் இப்படித்தான். தென் அமெரிக்காவுக்குப் படையெடுத்துப் போன தியேகோ தே அல்மாக்ரோ சண்டையில் ஒரு கண்ணை இழந்தது நிஜம். அதை அவர் மன்னரிடம் சொல்லிக்காட்டியதால்தான் 'ஒரு கண் விலை' என்ற தொடர் வந்தது என்பது, ரசமான கதை என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1588இல் ஸ்பெயினின் ஆர்மடா கப்பற்படை இங்கிலாந்தைத் தாக்க வந்து தோற்றது உங்களுக்குத் தெரியும். நான்தான் நடத்தினேனோ, சரித்திர வாத்தியாரோ. ஆனால் சண்டை நடந்த அதே காலத்தில் ஆங்கிலேயர்கள் விழுந்து விழுந்து ஸ்பானிஷ் படித்தார்கள். ரிச்சர்ட் பெர்சிவல் 1591இல் லண்டனில் ஸ்பானிஷ் இலக்கணமும் அகராதியும் சேர்த்து வெளியிட்டார். அதைப் பெருக்கி ஜான் மின்ஷூ 1599இல் இன்னொன்று போட்டார். எதிரியின் மொழி தெரியாமல் எதிரியைச் சமாளிக்க முடியாது அல்லவா.

அப்புறம் 1605இல் செர்வாண்டிஸின் 'டான் குயிக்சாட்' வந்தது. 1612இல் தாமஸ் ஷெல்டன் என்பவர் அதன் முதல் பாகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். எந்த மொழியிலும் வந்த முதல் முழு மொழிபெயர்ப்புகளில் அது ஒன்று. 40 நாளில் முடித்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவசரத்தினாலோ என்னவோ, ஸ்பானிஷ் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து வைக்கும் பழக்கம் அவருக்கு அதிகம்.

அந்த நாவலில் வேலைக்காரன் சாஞ்சோ வாயைத் திறந்தால் பழமொழிதான். எஜமானர் திட்டிக்கொண்டே இருப்பார். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஓர் இடம் வருகிறது. "பழமொழி சொல்லாதே" என்று திட்டும்போதே எஜமானர் இரண்டு பழமொழிகளைக் கோர்த்துவிடுகிறார். உடனே சாஞ்சோ ஒரு போடு போடுகிறான். வாணலி கொப்பரையைப் பார்த்து, கருப்புக் கண்ணி, எட்டிப் போ என்றதாம், நீங்கள் பேசுவது அப்படி இருக்கிறது என்று. இரண்டும் அடுப்புக் கரி ஏறிய பாத்திரங்கள்தான்.

இதை ஷெல்டன் 1620இல் வாணலியும் கெட்டிலுமாக அப்படியே ஆங்கிலத்தில் வைத்தார். ஆங்கில அச்சில் இந்தக் கருத்துக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. 1693இல், பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் எழுதியபோது அது பானையும் கெட்டிலுமாக ஆகியிருந்தது. இன்று நாம் சொல்லித்தரும் 'பாட் காலிங் தி கெட்டில் பிளாக்' அதுதான்.

இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1991ஆம் வருடம், பத்தாம் வகுப்பு. கட்டுரை நோட்டில் ஒரு பையன், தன்னைப் போலவே கணக்கில் ஃபெயிலான நண்பன் தன்னைக் கிண்டல் செய்ததைப் பற்றி எழுதியிருந்தான். பித்தளை ஈயத்தைப் பார்த்துப் பல்லிளித்ததாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். 'ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை' என்ற நம் பழமொழியைத்தான், வார்த்தைக்கு வார்த்தை. நான் அதை வகுப்பில் உரக்கப் படித்தேன். பீரியட் முழுக்கச் சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். நோட்டில் சிவப்பு மையில் 'டோன்ட் டிரான்ஸ்லேட்' என்று எழுதி, பக்கத்தில் பானை, கெட்டில் தொடரை எழுதி, இதுதான் சரியான ஆங்கிலம் என்று 5 தடவை எழுதி வரச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் கட்டுரைகளில் ஒரு பழமொழிகூட வந்ததில்லை. புத்தகத்தில் இருப்பதை மட்டும் எழுதினான். நான் அதை முன்னேற்றம் என்று நினைத்தேன்.

அவன் செய்ததும் ஷெல்டன் செய்ததும் ஒன்றுதான். ஒரு சமையலறைப் பாத்திரத்தை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் தூக்கி வைத்தார்கள். சரியான ஆங்கிலம் என்று நான் எழுதிக் கொடுத்ததே ஒரு வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்ப்பின் பேத்தி.

எல்லா மொழிபெயர்ப்பாளர்களும் அப்படிச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1700இல் பீட்டர் மோட்டோ என்பவர் இதே நாவலை மறுபடி ஆங்கிலத்தில் கொண்டுவரத் தொடங்கினார். பிரான்சிலிருந்து மத நெருக்கடிக்குத் தப்பி லண்டன் வந்த அகதி. பிற்பாடு இந்தியப் பட்டும் சீனச் சாமான்களும் விற்கும் கடை வைத்தார். நாவலில் சாஞ்சோ ஓரிடத்தில், முட்டை பொரிக்கும்போது தெரியும் என்கிறான். மோட்டோ முட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்த புட்டிங் பழமொழியை வைத்தார். சாப்பிட்டால்தான் புட்டிங் எப்படி என்று தெரியும் என்பது. நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது மோட்டோ வழி. அதுவும் நல்ல வழிதான். ஆனால் அது ஒன்றே வழி என்று சொன்னேனே, அதுதான் பிசகு.

ஸ்பானிஷிலிருந்து அப்படியே பெயர்த்து ஆங்கிலத்தில் குடியேறியவை இன்னும் இருக்கின்றன. உயர்குடிப் பிறப்பை 'ப்ளூ பிளட்' என்கிறோமே, அது 'சாங்க்ரே அசூல்', நீல ரத்தம். காஸ்டீல் பிரபுக் குடும்பங்கள், தங்கள் வம்சத்தில் மூர்களோ யூதர்களோ கலக்கவில்லை என்று பெருமை பேசினார்கள். வெளுத்த தோலின் கீழ் நரம்பு நீலமாகத் தெரிவதுதான் அதற்கு அத்தாட்சியாம். 1449லேயே டொலேடோ நகரத்தில், மதம் மாறிய யூதர்களின் வம்சத்தாருக்கு நகரப் பதவிகள் கிடையாது என்று சட்டம் போட்டார்கள். ரத்தச் சுத்தம் என்று அதற்குப் பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த விஷம் வடிந்துபோய், வெறும் 'பெரிய இடத்துப் பிள்ளை' என்ற அர்த்தம் மட்டும் மிஞ்சியது. நான் எத்தனையோ தடவை இந்தத் தொடரைக் கரும்பலகையில் எழுதி, அரச குடும்பம் என்று பொருள் போட்டிருக்கிறேன். கதை தெரிந்திருந்தால் அவ்வளவு லேசாக எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்தது 'ஃபிஃப்த் காலம்'. 1936இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தளபதி மோலாவின் படை 4 அணிகளாக மாட்ரிட்டை நோக்கி வந்தது. ஊருக்குள்ளேயே ஐந்தாவது அணி ஒன்று ஒளிந்திருக்கிறது என்று அவர் சொன்னதாகப் பரவியது. 'கின்தா கோலும்னா' என்ற அந்தச் சொல், நிருபர்கள் வழியாகச் சில வாரங்களிலேயே ஆங்கிலப் பத்திரிகைகளுக்குப் போய்விட்டது. 1940இல் இங்கிலாந்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே பீதி. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூத அகதிகள் உட்பட ஆயிரக்கணக்கான ஜெர்மானியர்களையும் இத்தாலியர்களையும் முகாம்களில் அடைத்தார்கள். அப்படிப் பிடித்தவர்களைக் கனடாவுக்கு ஏற்றிப் போன 'அரண்டோரா ஸ்டார்' கப்பல் 1940 ஜூலை 2 அன்று ஜெர்மன் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியதில் 800 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் மேடைப் பேச்சில் 'ஐந்தாம்படை' என்று அடிக்கடி கேட்கிறோமே, அது ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் எழுத்துக்கு எழுத்து பெயர்ந்து வந்தது. யாரும் நம்மைச் சிவப்பு மையால் அடிக்கவில்லை. 'நீலிக்கண்ணீர்' கையிலேயே இருக்கும்போது 'முதலைக் கண்ணீர்' வேறு வடிக்கிறோம்.

'மொமண்ட் ஆஃப் ட்ரூத்' காளைச்சண்டைக் களத்திலிருந்து வந்தது. கடைசியில் வீரன் வாளோடு காளையின் எதிரே நேருக்கு நேர் நிற்கும் அந்த நிமிஷம். ஸ்பானிஷில் 'ஓரா தே லா வெர்தாத்', உண்மையின் நேரம் என்று சொல்வதுதான் வழக்கம். ஹெமிங்வே 1932இல் காளைச்சண்டை பற்றி எழுதிய நூல் வழியாக அது ஆங்கிலத்தில் பரவியது. அதே ஹெமிங்வே 1940இல் ஸ்பெயின் போரை வைத்து எழுதிய நாவலில், பாத்திரங்களின் ஸ்பானிஷ் பேச்சை வேண்டுமென்றே வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் வைத்தார். வசவுகள் உட்பட. பாலை வைத்து ஸ்பானிஷ்காரர்கள் திட்டும் ஒரு வசவு உண்டு. பெரியவர்கள் படிக்கும் இந்தப் பதிவில் அதை விளக்க முடியாது. சில விமரிசகர்கள் முகம் சுளித்தார்கள். 1954இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதே வேலையைச் செய்து உலகத்தின் சிரிப்புக்கு ஆளான ஒருவரும் இருக்கிறார். ஸ்பானிஷுக்குப் பக்கத்து வீடான போர்ச்சுகீசிய மொழிக்காரர், பெத்ரோ கரோலினோ. 1855இல் பாரிஸில், போர்ச்சுகீசிய மாணவர்களுக்காக ஓர் ஆங்கில உரையாடல் கையேடு போட்டார். ஆனால் அவருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. ஜோசே த ஃபொன்சேகா என்ற அறிஞரின் போர்ச்சுகீசிய-பிரெஞ்சுக் கையேட்டை எடுத்துக்கொண்டு, பிரெஞ்சு-ஆங்கில அகராதியை வைத்துச் சொல் சொல்லாக மாற்றினார் என்பதுதான் பொதுவான முடிவு. வாசலில் வெகுநேரம் காத்திருப்பதைக் குறிக்கும் ஒரு பிரெஞ்சுத் தொடர், அவர் கையில் குரங்குக்குட்டியைக் கடித்து நொறுக்குவதாக ஆகிவிட்டது. மரபுத்தொடர்ப் பகுதிக்கு அவர் வைத்த ஆங்கிலத் தலைப்பே 'இடியாட்டிசம்ஸ்'. 1883இல் லண்டனில் இதை நகைச்சுவைப் புத்தகமாக மறுபதிப்புப் போட்டார்கள். அதே வருடம் பாஸ்டன் பதிப்புக்கு மார்க் ட்வைன் முன்னுரை எழுதினார். இன்னும் விற்கிறது.

கரோலினோ மேல் எனக்கு இரக்கம் உண்டு, ஆனால் அவரை ஷெல்டன் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டேன். தான் பெயர்க்கும் தொடரின் பொருளே அவருக்குத் தெரியவில்லை. ஷெல்டனுக்குத் தெரியும். என் மாணவனுக்கும் தெரியும். பித்தளை எதற்கு இளித்தது என்று தெரிந்துதான் எழுதினான், இடமும் பொருத்தமான இடம். நான் அவனைக் கரோலினோ என்று நினைத்துவிட்டேன்.

இப்போது மயாமிக்கே வருவோம். 1959 கியூபப் புரட்சிக்குப் பிறகு லட்சக்கணக்கானவர்கள் அங்கே வந்து குடியேறினார்கள். இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஃப்ளோரிடா இன்டர்நேஷனல் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஃபிலிப் கார்ட்டரும் அவர் குழுவும் அந்த ஊர் ஆங்கிலத்தை ஆராய்ந்தார்கள். ஸ்பானிஷில் காரிலிருந்து 'இறங்குவது', விருந்து 'செய்வது' என்பார்கள். அது அப்படியே ஆங்கிலத்தில் 'கெட் டவுன் ஃப்ரம் தி கார்' என்றும் 'மேக் எ பார்ட்டி' என்றும் வந்துவிட்டது. முதலில் வந்தவர்கள் அப்படிப் பேசியதில் ஆச்சரியமில்லை. அங்கேயே பிறந்து ஆங்கிலமே முதல் மொழியாக வளர்ந்த பிள்ளைகளுக்கும் இவற்றில் பல தொடர்கள் தப்பாகத் தோன்றவில்லையாம். வெளியூர்க்காரர்களுக்குத்தான் உறுத்துகிறது.

'கெட் டவுன்' என்றதும் உங்களில் பலர் சிரித்திருப்பீர்கள். 'கெட் டவுன் ஃப்ரம் தி பஸ்' என்று எழுதியதற்காக உங்களில் எத்தனை பேருக்கு நான் அரை மார்க் குறைத்திருப்பேன்! நாமும் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள்தானே. பத்தாயிரம் மைலுக்கு அப்பால் அதே தப்பை ஒரு நகரமே செய்து, தப்பில்லாமல் ஆக்கிவிட்டது. இதற்கு எதிர்த்திசையிலும் நடக்கிறது. போனில் திரும்ப அழைப்பதை ஆங்கிலத்தில் 'கால் பேக்' என்கிறோம். அமெரிக்க ஸ்பானிஷ்காரர்கள் அதை அப்படியே பெயர்த்து 'யாமார் பாரா அத்ராஸ்', பின்னால் அழைப்பது என்கிறார்கள். ஸ்பானிஷ் வாத்தியார்களுக்கு அது ஆகாது. சிவப்பு மை எல்லா ஊரிலும் கிடைக்கிறது.

என் மாணவிக்கு நான் சொன்னது இது. 'ப்ளூ பிளட்', 'மொமண்ட் ஆஃப் ட்ரூத்', பானை கெட்டில், இவற்றை முதல் வகுப்பில் வை. இது உங்கள் பாட்டி வீட்டுச் சாமான் என்று சொல். காலும் கையும் வாளியும் பிறகு வரட்டும். பரீட்சைக்கு எழுதும்போது ஆங்கிலத்தில் வழங்கும் தொடரையே எழுதச் சொல், அதில் சமரசம் வேண்டாம். ஆனால் யாராவது தங்கள் தொடரை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுவந்தால், திருத்துவதற்கு முன்னால் அர்த்தத்தைக் கேள். போன வாரம் செய்து பார்த்தாளாம். மார்த்தெஸ் கதையில் ஆரம்பித்து வகுப்பு முடிய 9 மணி ஆகிவிட்டதாம்.

அப்புறம் அந்த 1991 பையன். ஒரு வாரம் தயங்கிவிட்டு, அந்த பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் நம்பர் வாங்கி அவனுக்குப் போன் போட்டேன். இப்போது ஈரோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். ஷெல்டன், சாஞ்சோ எல்லாம் சொல்லி, "அன்னைக்கு நான் செஞ்சது தப்புப்பா" என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அது நான் இல்ல சார்" என்றான். "என் பக்கத்துல உக்காந்திருந்தவன் சார். அவங்க அப்பா வீடு வீடாப் போய் பாத்திரத்துக்கு ஈயம் பூசறவர். அதனாலதான் அவனுக்கு அந்தப் பழமொழி வாயில வந்துச்சு. அன்னைக்குச் சிரிச்சதுல நானும் உண்டு சார்."

ஈயம் பூசுபவர் மகன் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

பத்தாவது முடித்ததும் குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்களாம். அதற்கு மேல் அவனுக்கும் தெரியவில்லை. 1991 பேட்ச், 'பி' செக்ஷன், ஜன்னல் பக்கம் இரண்டாவது பெஞ்சு. யாருக்காவது தொடர்பு இருந்தால், பெயரை இங்கே பொதுவில் போட வேண்டாம். எனக்குத் தனியாக நம்பர் அனுப்புங்கள். நானே பேசிக்கொள்கிறேன்.